உங்கள் மான்ஸ்டர் எத்தனை கிலோ? உயரத்தையும் எடையையும் முடிவு செய்ய ஒரு முழு வழிகாட்டி

கயிற்றுப் பாலத்தில் ஓகர் என்ற முரட்டு ராட்சதப் பிராணி ஏறிவிட்டது. ஒரு பிளேயர் கேட்கிறார்: "இது எத்தனை கிலோ இருக்கும்? பாலம் தாங்குமா?" மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, கதை சொல்லி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை நடத்துகிற யாருக்கும் இந்தக் கேள்வி ஒரு நாள் வந்தே தீரும். டிஎம் (டன்ஜன் மாஸ்டர், அதாவது ஆட்டத்தை நடத்துபவர்) விதிப் புத்தகத்தைப் புரட்டுவார். 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் கவச எண், உயிர்ப்புள்ளி, பலம் எல்லாம் இருக்கும், எடையை மட்டும் பெரும்பாலும் காணோம். உடனே வாயில் வந்ததைச் சொல்வோம், "ஒரு அஞ்சு டன்" என்று. அதே ஓகர் செத்த பிறகு, நாலு பேர் சேர்ந்து அதன் பிணத்தைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போவதாகச் சொல்வார்கள், அங்கே மாட்டிக்கொள்வோம்.

இதற்குப் பெரிய கணக்கு எதுவும் தேவையில்லை. உயரமோ நீளமோ ஏதாவது ஒரே ஒரு அளவை மட்டும் நீங்கள் இஷ்டப்படி முடிவு செய்யுங்கள். எடை அதிலிருந்து தானாக வரும். அந்த எடை கதைக்கு ஒத்துவரவில்லை என்றால் பொய் சொல்லலாம், மந்திர உலகம்தானே. ஆனால் எந்த இடத்தில் பொய் சொல்கிறோம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கீழே இருப்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்தின் விரிவுதான்.

முதல் படி: அது எதன் வழியாக நுழைய வேண்டும்?

"எவ்வளவு பெரிசா இருந்தா பயமா இருக்கும்" என்று ஆரம்பித்தால் எல்லா மான்ஸ்டரும் மலை சைஸுக்கு வந்துவிடும். இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். இந்தப் பிராணி உங்கள் கதையில் ஒரு கதவை உடைத்துக்கொண்டு வர வேண்டுமா, 10 அடி அகல நடைபாதையில் துரத்த வேண்டுமா, ஒரு ஆளை முழுசாக விழுங்க வேண்டுமா, படகைக் கவிழ்க்க வேண்டுமா? நடைபாதையில் துரத்த வேண்டும் என்றால் தோள் அகலம் 8 அடியைத் தாண்ட முடியாது, அவ்வளவுதான், ஒரு எண் கிடைத்துவிட்டது. ஆளை விழுங்க வேண்டும் என்றால் வாய் எவ்வளவு திறக்க வேண்டும் என்பதிலிருந்து தலையின் நீளம் வரும், தலையிலிருந்து உடம்பு வரும்.

இரண்டாம் படி: நிஜ உலகத்தில் ஒரு சொந்தக்காரனைத் தேடுங்கள்

எந்தக் கற்பனைப் பிராணிக்கும் நிஜத்தில் ஒரு பங்காளி இருக்கும். டிராகனுக்கு முதலை, ராட்சதனுக்கு மனிதன், ராட்சதச் சிலந்திக்குச் சிலந்தி. அந்தப் பங்காளியின் அளவும் எடையும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. நான் அடிக்கடி எடுப்பவை இவை, எல்லாம் தோராயம்தான்:

- மனிதன்: 6 அடி, 80 கிலோ. கணக்குக்கு வசதியான எண்.
- ஆண் சிங்கம்: தோள் உயரம் 1.2 மீட்டர், 190 கிலோ.
- குதிரை: 500 கிலோ.
- காட்டெருது: தோள் உயரம் 1.8 மீட்டர் வரை, பெரிய கடா ஒரு டன்.
- ஆசிய ஆண் யானை: தோள் உயரம் 2.75 மீட்டர், 4 டன். ஆப்பிரிக்க யானை 6 டன்.
- உவர்நீர் முதலை: 2011-இல் பிலிப்பைன்ஸில் பிடிபட்ட 'லோலோங்' 6.17 மீட்டர், 1,075 கிலோ.
- அனகோண்டா: 5 மீட்டர் நீளத்துக்கு 60-70 கிலோ.
- கோலியாத் சிலந்தி: கால் விரிப்பு 30 செ.மீ., 170 கிராம்.
- அல்பட்ராஸ்: சிறகு விரிப்பு 3.5 மீட்டர், 10 கிலோ.

பங்காளியைத் தேர்ந்தெடுக்கும்போது உருவம் ஒத்துப்போனால் போதும், இனம் ஒத்துப்போக வேண்டியதில்லை. ஓநாய்மனிதனுக்கு ஓநாயைவிட மனிதனே சரியான பங்காளி, ஏனென்றால் இரண்டு காலில் நிற்கிறது.

மூன்றாம் படி: மூன்று தடவை பெருக்குங்கள்

உயரம் இரண்டு மடங்கானால் எடை இரண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்கு ஆகும். நீளம், அகலம், உயரம் மூன்றுமே இரண்டு மடங்காவதால் 2 × 2 × 2. உயரம் ஒன்றரை மடங்கு என்றால் எடை சுமார் 3.4 மடங்கு. இரண்டரை மடங்கு என்றால் 15.6. மூன்று மடங்கு என்றால் 27. பத்து மடங்கு என்றால் ஆயிரம்.

நம் ஓகரையே எடுத்துக்கொள்வோம். உயரம் 9 அடி, அதாவது மனிதனைப் போல ஒன்றரை மடங்கு. 80 கிலோவை 3.4-ஆல் பெருக்கினால் 270 கிலோ. 2003-இல் வந்த 3.5 பதிப்பில் எடை எல்லாம் கொடுத்திருந்தார்கள். அதில் ஓகர் 9 முதல் 10 அடி, 600 முதல் 650 பவுண்டு என்று இருக்கும். 600 பவுண்டு என்பது 272 கிலோ. அஞ்சு டன் எங்கே, 270 கிலோ எங்கே! நாலு பேர் தூக்கினால் மூச்சு வாங்கும், ஆனால் தூக்கிவிடலாம். பாலமும் பெரும்பாலும் தாங்கும்.

மறுபக்கமும் உண்டு. சிலந்தியின் கால் விரிப்பை 30 செ.மீ.-யிலிருந்து 3 மீட்டராக்குங்கள்: பத்து மடங்கு, எனவே 170 கிராம் 170 கிலோ ஆகிவிடும். ஒரு புலியின் எடை. கூரையிலிருந்து மேலே விழுகிறது என்றால் விஷத்துக்கு முன்னாலேயே விலா எலும்பு போய்விடும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் காட்சியை நீங்கள் சொல்கிற விதமே மாறும்.

பாம்புக்கும் இது பொருந்தும், ஆனால் ஒரு நிபந்தனை: நீளத்துக்குத் தகுந்த மாதிரி தடிமனும் கூடுகிறதா என்று பாருங்கள். கொலம்பியாவில் செரெஹோன் நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்து 2009-இல் பெயர் சூட்டப்பட்ட டைட்டனோபோவா பாம்புக்கு 13 மீட்டர் நீளம், 1,100 கிலோவுக்கு மேல் எடை என்று மதிப்பிட்டார்கள். அனகோண்டாவை 5 மீட்டரிலிருந்து 13 மீட்டருக்குப் பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட அதே எண் வரும்.

நான்காம் படி: புத்தகத்து எண்களைச் சோதித்துப் பாருங்கள்

3.5 பதிப்பின் ராட்சதர்களை வரிசையாக இந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தால், யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒழுங்காகக் கணக்குப் போட்டிருக்கிறார் என்று தெரியும். ஸ்டோன் ஜயண்ட் 12 அடி. நம் கணக்கில் 8 × 80, அதாவது 640 கிலோ. புத்தகத்தில் 1,500 பவுண்டு, 680 கிலோ. ஃப்ராஸ்ட் ஜயண்ட் 15 அடி. நம் கணக்கில் 1,250. புத்தகத்தில் 2,800 பவுண்டு, 1,270 கிலோ. க்ளவுட் ஜயண்ட் 18 அடி. நம் கணக்கில் 2,160. புத்தகத்தில் 5,000 பவுண்டு, 2,270 கிலோ. அச்சு அசலாக உட்காருகிறது.

அப்புறம் ஃபயர் ஜயண்ட் வருகிறார். உயரம் அதே 12 அடிதான், எடை மட்டும் 7,000 பவுண்டு, அதாவது 3,175 கிலோ. அதே உயரத்து ஸ்டோன் ஜயண்டைவிட நாலரை மடங்கு அதிகம். அச்சுப்பிழையா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. ஃபயர் ஜயண்டுக்கு மனித உடம்பு கிடையாது, ட்வார்ஃப் உடம்பு: குட்டையாக, அகலமாக, மார்புச் சுற்றளவு மட்டுமே 9 அடி. எனவே மனிதனை விட்டுவிட்டு 4 அடி, 68 கிலோ ட்வார்ஃபைப் பங்காளியாக எடுங்கள். 4 அடியிலிருந்து 12 அடி என்றால் மூன்று மடங்கு, எடை 27 மடங்கு, 1,836 கிலோ. பாதி வித்தியாசம் தீர்ந்துவிட்டது. மீதி 1,300 கிலோவுக்குச் சதை பதில் சொல்லாது. கவசத்தைச் சேர்த்திருக்கலாம், இல்லை எரிமலைக்காரர் உடம்பு நம் உடம்பைவிட அடர்த்தி என்று வைத்துக்கொள்ளலாம். நான் என் ஆட்டத்தில் இரண்டாவதைத்தான் எடுத்தேன்: ஃபயர் ஜயண்ட் தண்ணீரில் மிதக்காது, கல் மாதிரி மூழ்கும். ஒரு ஆற்றங்கரைச் சண்டை முழுவதும் அந்த ஒரே முடிவில் ஓடியது. புத்தகத்தில் உறுத்துகிற எண் ஒன்று இருந்தால் அதைத் திருத்துவதற்கு முன்னால், அது உண்மையாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

ஐந்தாம் படி: எதனால் செய்தது?

உயிருள்ள உடம்பு கிட்டத்தட்டத் தண்ணீரின் அடர்த்திதான். அதை 1 என்று வைத்துக்கொண்டால் களிமண் சுமார் 2, கருங்கல் 2.7, இரும்பு 7.8, தங்கம் 19.3. காய்ந்த மரம் ஒன்றுக்கும் கீழே. மூன்றாம் படியில் வந்த எடையை இதனால் பெருக்குங்கள்.

கோலம் என்பது மந்திரத்தால் நடமாடும் சிலை. ஸ்டோன் கோலம், அதாவது கல் சிலை, 9 அடி. சதையாக இருந்தால் 270 கிலோ, கல்லாக இருந்தால் சுமார் 730. 3.5 பதிப்பில் 2,000 பவுண்டு, 907 கிலோ. கொஞ்சம் அகலமாகச் செதுக்கிய சிலை என்றால் சரிதான். அயர்ன் கோலம் 12 அடி. சதைக்கு 640 கிலோ, இரும்பு என்றால் 4,990. ஆனால் புத்தகம் 5,000 பவுண்டு என்கிறது, வெறும் 2,270 கிலோ. பாதிக்கும் கீழே! எனவே ஒன்று நிச்சயம்: அயர்ன் கோலத்தின் உள்ளே பாதிக்கு மேல் வெற்றிடம். உள்ளே என்ன இருக்கிறது? அது ஊதுகிற விஷப்புகை அங்கேதான் இருக்கிறதா? சுத்தியலால் அடித்தால் மணி மாதிரி ஒலிக்குமா? உள்ளே ஒரு ஹாஃப்லிங் (குட்டி மனிதர்) ஒளிந்துகொள்ள முடியுமா? எடைக் கணக்கு இப்படிச் சும்மா இருந்த மான்ஸ்டருக்கு ஒரு ரகசியத்தைக் கொடுத்துவிடும்.

இந்தப் படியில் என் செல்லப்பிள்ளை ஜெலட்டினஸ் க்யூப், கனசதுர வடிவில் ஊர்ந்து வரும் கூழ்ப் பிராணி. ஐந்தாம் பதிப்பில் அது 'லார்ஜ்' (அளவுப் பிரிவுகள் ஏறுவரிசையில் மனித அளவான மீடியம், லார்ஜ், ஹியூஜ், கார்கான்டுவன்), 10 அடிக்கு 10 அடிக்கு 10 அடி, இடத்தை முழுக்க அடைத்துக்கொண்டு நகரும். ஆயிரம் கன அடி என்பது 28 கன மீட்டர். தண்ணீர் அடர்த்தி என்று வைத்தாலே 28 டன். ஏழு ஆசிய யானைகள் ஒன்றன் மேல் ஒன்றாக. சத்தமே இல்லாமல், கண்ணாடி மாதிரி, நடைபாதையில் வழுக்கிக்கொண்டு வருகிறது. கல் தரையில் பிரச்சினை இல்லை. பலகைத் தளம் உள்ள பழைய மாளிகையில் இரண்டாவது மாடியில் ஒரு க்யூபை வைத்தீர்கள் என்றால், அது எப்படி அங்கே ஏறியது என்பதற்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

ஆறாம் படி: கால் தாங்குமா?

எடை எட்டு மடங்காகும்போது எலும்பின் குறுக்குவெட்டுப் பரப்பு நான்கு மடங்குதான் ஆகும். எனவே ஒவ்வொரு சதுர அங்குல எலும்பும் இரண்டு மடங்கு பாரம் சுமக்கும். கலிலியோ 1638-லேயே இதை எழுதிவிட்டார். ஜே.பி.எஸ். ஹால்டேன் 1926-இல் இதை வைத்தே 60 அடி ராட்சதனைக் கலாய்த்தார்: பத்து மடங்கு உயரம், ஆயிரம் மடங்கு எடை, எலும்பின் பரப்போ நூறு மடங்குதான். ஒரு அடி எடுத்து வைத்தாலே தொடை எலும்பு முறியும்.

நிஜ மனிதரில் இதன் ஓரத்தைத் தொட்டவர் ராபர்ட் வாட்லோ. 2.72 மீட்டர், கிட்டத்தட்ட நம் ஓகர் உயரம், 199 கிலோ. நடக்கக் காலில் உலோகக் கட்டுகள் தேவைப்பட்டன. அந்தக் கட்டு உரசி வந்த புண் சீழ் பிடித்துத்தான் 1940-இல், 22 வயதில் இறந்தார். ஆக, ஓகர் என்பது வெறும் பெரிய மனிதன் கிடையாது, அதன் கால் வேறு மாதிரி இருந்தாக வேண்டும்.

எவ்வளவு வேறு? உயரம் இரண்டு மடங்கு என்றால் கால் எலும்பின் தடிமன் 2.8 மடங்கு ஆக வேண்டும், அப்போதுதான் அழுத்தம் பழைய அளவிலேயே இருக்கும். மூன்று மடங்கு உயரத்துக்குத் தடிமன் ஐந்து மடங்குக்கு மேல். எனவே பெரிய உருவங்களை வர்ணிக்கும்போது கால் தூண் மாதிரி, மூட்டு அதிகம் மடங்காமல், நடை நிதானமாக இருக்கட்டும். தடித்த கால்களுக்காக மொத்த எடையில் பத்து, பதினைந்து சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். யானை குதிக்காது என்பதை ஞாபகம் வைத்திருங்கள். 6 டன் உடம்பு தாவிக் குதிக்கிறது என்றால் அங்கே மந்திரம் வேலை செய்கிறது, அதைக் குறித்து வையுங்கள்.

சரி, தரையில் நடக்கும் உடம்புக்கு உச்சம் என்ன? பாலூட்டிகளில் பாராசெராதீரியம் 15 முதல் 20 டன் வரை போயிருக்கிறது. டைனோசர்களில் அர்ஜென்டினோசாரஸ் 70 டன் அளவுக்கு. நான்கு கால், தூண் கால், நிதான நடை. அதற்குள் இருந்தால் உங்கள் பிராணிக்கு எந்தச் சமாதானமும் சொல்ல வேண்டியதில்லை.

ஏழாம் படி: பறக்குமா?

இங்கேதான் எல்லாரும் விழுகிறார்கள். நிஜத்தில் இன்று பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவை 20 கிலோ அளவிலேயே நின்றுவிடுகின்றன. எல்லாக் காலத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் கெட்சல்கோட்லஸ் என்ற பறக்கும் ஊர்வன: சிறகு விரிப்பு 10-11 மீட்டர், எடை 200-250 கிலோ. அதற்கு மேலே போனால் கற்பனைதான்.

ராக் பறவையைப் பாருங்கள். யானையையே தூக்கிப்போகும் என்பது அதன் பழைய புகழ். 3.5 பதிப்பில் சிறகு விரிப்பு 80 அடி, எடை 8,000 பவுண்டு. அதாவது 24.4 மீட்டர், 3,630 கிலோ. நம் பங்காளி அல்பட்ராஸை எடுத்து 3.5 மீட்டரை 24.4 ஆக்குங்கள், ஏழு மடங்கு. எடை 343 மடங்கு, 3,430 கிலோ. எண் அழகாகப் பொருந்துகிறது, ராக் என்பது சரியாக ஒரு ஏழு மடங்கு அல்பட்ராஸ்.

பிரச்சினை வேகத்தில். எடை மூன்று தடவை பெருக்கி ஏறுகிறது, சிறகின் பரப்பு இரண்டு தடவை பெருக்கித்தான் ஏறுகிறது, எனவே ஒவ்வொரு சதுர மீட்டர் சிறகும் ஏழு மடங்கு எடையைத் தூக்க வேண்டும். அதற்கு வேகம் ஏழின் வர்க்கமூலம், அதாவது 2.65 மடங்கு கூட வேண்டும். அல்பட்ராஸ் மணிக்கு 54 கி.மீ. போனால் ராக் 140 கி.மீ.க்குப் பறந்தால்தான் சுகமாகக் காற்றில் நிற்கும். ஆட்ட விதியில் அதன் வேகம் 6 வினாடிக்கு 120 அடி, மணிக்கு வெறும் 22 கி.மீ., சைக்கிள் வேகம்! அந்த வேகத்தில் அது கல் மாதிரி விழுந்திருக்க வேண்டும்.

யானையைத் தூக்குமா? ஐந்தாம் பதிப்பில் ராக்கின் பலம் 28, அளவு 'கார்கான்டுவன்'. சுமக்கும் திறன்: பலம் × 15 பவுண்டு, மீடியத்துக்கு மேல் ஒவ்வொரு அளவுக்கும் இரண்டு மடங்கு, எனவே 28 × 15 × 8 = 3,360 பவுண்டு, 1,524 கிலோ. உச்சபட்சமாகத் தூக்கக்கூடியது அதன் இரண்டு மடங்கு, 3 டன்னுக்குச் சற்று மேல். ஆக, விதிப்படி பெண் யானையையோ குட்டியையோ தூக்கும், 4 டன் ஆண் யானையைத் தூக்காது. பிளேயர் யாராவது யானை மேல் உட்கார்ந்திருக்கும்போது இந்த வித்தியாசம் முக்கியம்.

என் தீர்ப்பு: ராக் பறப்பது மந்திரம் என்று ஒத்துக்கொள்ளுங்கள், ஆனால் தரையிலிருந்து எழும்புவதை மட்டும் மந்திரத்திடம் கொடுக்காதீர்கள். அது செங்குத்துப் பாறை விளிம்பிலிருந்து விழுந்துதான் பறக்கத் தொடங்க முடியும். சமதளத்தில் இறங்கிவிட்டால் காற்றுக்கு எதிராக நெடுந்தூரம் ஓட வேண்டும். இப்போது உங்கள் பிளேயர்களுக்கு ஒரு திட்டம் போட வழி கிடைத்துவிட்டது: அதைப் பள்ளத்தாக்கில் இறக்கு, ஓடவிடாதே.

டிராகனுக்கும் இதே பாடம். லோலோங் முதலையை இரண்டு மடங்காக்கினால் 12 மீட்டர், 8.6 டன், டைரனோசாரஸும் கிட்டத்தட்ட இதே நீளம், இதே எடை. ஆனால் டிராகனுக்கு நீளத்தில் பாதி கழுத்தும் வாலும்தான், எனவே 3-4 டன் என்று இறக்கிக்கொள்ளலாம். அந்த எடைக்கு ராக்கின் சிறகு, 24 மீட்டர் விரிப்பு வேண்டும். படங்களில் டிராகனுக்குப் போடும் சிறகு இதில் பாதிகூட இருக்காது.

எட்டாம் படி: அளவுப் பிரிவு

இதைக் கடைசியில்தான் செய்ய வேண்டும், முதலில் இல்லை. 3.5 பதிப்பின் எல்லைகள் கிலோவில்: மீடியம் 27 முதல் 225 வரை, லார்ஜ் 225 முதல் 1,800 வரை, ஹியூஜ் 1.8 டன் முதல் 14.5 டன் வரை, கார்கான்டுவன் 113 டன் வரை, அதற்கு மேல் கொலாசல். ஒவ்வொரு படியும் சுமார் எட்டு மடங்கு. உயரம் இரண்டிரண்டு மடங்காக ஏறுவதால் அப்படி. ஐந்தாம் பதிப்பில் கொலாசல் கிடையாது. பிரிவு தெரிந்ததும் இடமும் உயிர்ப் பகடையும் (உயிர்ப்புள்ளியைக் கணக்கிட உருட்டும் பகடை) தானாக வரும்: மீடியம் 5 அடிக் கட்டம், எட்டுமுகப் பகடை, லார்ஜ் 10 அடி, பத்துமுகம், ஹியூஜ் 15 அடி, பன்னிரண்டுமுகம், கார்கான்டுவன் 20 அடியோ அதற்கு மேலோ, இருபதுமுகம்.

எல்லையில் நின்றால் எடையைப் பார்க்காதீர்கள், மல்யுத்தத்தைப் பாருங்கள். தன்னைவிட ஒரு பிரிவுதான் பெரியதைக் கட்டிப்பிடிக்க முடியும் என்பது விதி. உங்கள் பார்பேரியன் (மீடியம் அளவுள்ள முரட்டு வீரர்) இதைப் பிடித்து உருள வேண்டுமா? வேண்டும் என்றால் லார்ஜ். கூடாது என்றால் ஹியூஜ். ஒரு எச்சரிக்கை: கட்டத்தின் அளவு உடம்பின் அளவு இல்லை, சண்டையில் அது ஆக்கிரமிக்கிற இடம். குதிரைக்கு 10 அடிக்கு 10 அடி கட்டம் கொடுத்திருக்கிறார்கள், அதற்காக யாரும் 10 அடி அகலக் குதிரையைப் பார்த்ததில்லை.

ஒன்பதாம் படி: என்ன சாப்பிடும்?

எடை எட்டு மடங்கானால் சாப்பாடு எட்டு மடங்காகாது, சுமார் ஐந்து மடங்குதான். மேக்ஸ் க்ளைபர் 1932-இல் கண்டுபிடித்த விகிதம் இது. சிங்கம் நாளைக்கு 6 கிலோ கறி தின்கிறது என்று வைத்தால், 1.5 டன் வேட்டைப் பிராணிக்கு 30 கிலோ, 3.6 டன் ராக்குக்கு 55 கிலோ. ஊர்வன மாதிரி குளிர்ரத்தம் என்றால் பத்தில் ஒரு பங்கு போதும்.

ஐந்தாம் பதிப்பின் டிஎம் புத்தகத்தில் லார்ஜுக்கு நாளைக்கு 4 பவுண்டு, ஹியூஜுக்கு 16 பவுண்டு உணவு என்று ஒரு பட்டியல் உண்டு. 16 பவுண்டு என்பது 7 கிலோ. நிஜ யானை 150 கிலோ தழை தின்னும். அந்தப் பட்டியலை மூடி வைத்துவிடுங்கள்.

இந்தக் கணக்கு எதற்கு என்றால், மான்ஸ்டர் இருக்கிற ஊரின் நிலைமை இதிலிருந்துதான் தெரியும். நாளைக்கு 55 கிலோ என்றால் வருடத்துக்கு 20 டன் கறி. ஒரு மாட்டுக்கு 150 கிலோ கிடைத்தால் 130-க்கும் மேல் மாடுகள். இரண்டு கிராமம் உள்ள பள்ளத்தாக்கில் அப்படி ஒன்று பத்து வருடமாக வாழ்கிறது என்று நீங்கள் எழுதியிருந்தால், அந்தக் கிராமங்களில் மாடே இருக்காது. குளிர்ரத்த டிராகன் என்றால் வருடத்துக்குப் பதிமூன்று மாடு, இதை ஊர்க்காரர்கள் வரி மாதிரி கட்டிவிட்டுச் சும்மா இருப்பார்கள். டிராகனைக் கொல்லக் கூப்பிடவே மாட்டார்கள். இரண்டும் நல்ல கதைதான், எது உங்களுடையது என்று முடிவு செய்யுங்கள்.

எல்லாம் சேர்த்து: ஒரு யாளி

புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் செய்து பார்ப்போம். கோயில் தூண் யாளி: சிங்க உடம்பு, தந்தம், சிலவற்றுக்குத் துதிக்கை. மண்டபத்துத் தூணிலிருந்து இறங்கி வந்து பிளேயர்களைத் துரத்த வேண்டும், அதுதான் கதை.

பங்காளி சிங்கம். தூண்களுக்கு நடுவில் புகுந்து ஓட வேண்டும் என்பதால் ஒன்றரை மடங்கோடு நிறுத்துவோம்: தோள் உயரம் 1.8 மீட்டர், காட்டெருது உயரம். எடை 190 × 3.4, சுமார் 640 கிலோ. தந்தம், துதிக்கை, அதைத் தாங்கும் கழுத்துச் சதை, தடித்த கால் எல்லாம் சேர்த்து 750. காட்டெருதைவிடக் கொஞ்சம் குறைவு, சிங்க இடுப்பு என்பதால் நியாயம்தான். லார்ஜ்.

ஆனால் பல தூண்களில் யாளியின் காலடியில் ஒரு யானை நசுங்கிக் கிடக்கும். 750 கிலோ உடம்பு 4 டன் யானையை நசுக்காது. நசுக்க வேண்டும் என்றால் இரண்டரை மடங்கு: தோள் உயரம் 3 மீட்டர், எடை 190 × 15.6, கிட்டத்தட்ட 3 டன், தந்தமும் காலும் சேர்த்து மூன்றரை. ஹியூஜ். அப்போது தூண்களுக்கு நடுவில் சிக்கிக்கொள்ளும். தன்னைவிட ஒரு பிரிவு சிறியது போகிற சந்தில் நெருக்கிக்கொண்டு போகலாம் என்று விதி இருக்கிறது, ஆனால் நகர்வு பாதியாகும், அடிக்கும் பகடைக்கும் பாதகம். துரத்தல் காட்சி செத்துவிடும்.

மூன்றாவது வழி: சதையை விட்டுவிடுங்கள், அது கல்லிலிருந்துதானே இறங்கி வந்தது. ஒன்றரை மடங்கு உருவம் அப்படியே, அடர்த்தி 2.7. 750-ஐப் பெருக்கினால் 2 டன். உருவத்தில் லார்ஜ், தூண்களுக்கு நடுவில் தாராளமாகப் புகும், எடையில் ஹியூஜ். காலடி ஒவ்வொன்றிலும் தளக்கல் விரியும். தெப்பக்குளத்தில் இறங்கினால் அடியில் நடந்து வரும், நீந்தாது. யானையை நசுக்குமா? இரண்டு டன் கருங்கல் மேலே பாய்ந்தால் யானையும் சாய்ந்துவிடும். நான் இதைத்தான் எடுப்பேன். பொய் ஒரே இடத்தில் இருக்கிறது: கல் வளைகிறது. மற்றதெல்லாம் கணக்கு.

மேசையில் எப்படிச் சொல்வது

எண்ணைச் சொல்லாதீர்கள், எண் செய்த வேலையைச் சொல்லுங்கள். படிக்கட்டு முனகுவது, சேற்றில் முழங்கை ஆழத்துக்குத் தடம், கதவு நிலை பெயர்ந்து கிடப்பது. பிளேயர் நேராகக் கேட்டால் மட்டும், ரேஞ்சர் (காடறிந்த வேட்டை வீரர்) மாதிரி தெரிந்திருக்கக்கூடியவர் என்றால், தோராயமான எண்ணாகச் சொல்லிவிடுங்கள். நோட்டில் ஒவ்வொரு மான்ஸ்டருக்கும் ஒரே வரி போதும்: பங்காளி யார், எத்தனை மடங்கு, பொய் எங்கே.

கடைசியாக ஒரு வில்லங்கம், இது கண்டிப்பாக உங்கள் மேசைக்கு வரும். பாலிமார்ஃப் மந்திரம் கைக்கு வந்ததும் யாராவது ஒருவர் நண்பனை யானையாக்குவார், அதுவும் மீன்பிடிப் படகில் நிற்கும்போது. 80 கிலோ ஆள் 4 டன் ஆகிறார். மீதி எடை எங்கிருந்து வந்தது என்று கேட்க ஆரம்பித்தால் ராத்திரி முழுக்க விவாதம்தான், அதை மந்திரத்தின் கணக்கில் எழுதிவிடுங்கள். ஆனால் வந்து சேர்ந்த எடை நிஜ எடை என்று முதல் தடவையே சொல்லிவிடுங்கள். படகு மூழ்கும். எதிரியின் சிறு படகில் அதே வேலையைச் செய்தால் அதுவும் மூழ்கும்; அந்த யோசனை அவர்களுக்கு வர ஒரு செஷன்கூட ஆகாது.